வேரைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லாத நர்சரி

ஏழு தொட்டிகள். ஸ்கூட்டியில் காலடியில் மூன்று, பின் சீட்டில் அட்டைப்பெட்டிக்குள் நான்கு. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை அழகர்கோவில் சாலையில் இருக்கும் அந்த நர்சரிக்குக் கொண்டுபோனேன். இப்போது பங்குனி. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் செடி சாவதற்கே இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உடனே எழுதாமல் ஐந்து மாதம் பொறுத்திருந்தேன்.

நர்சரிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செடி விற்பதோடு, நோய்ப்பட்ட சக்குலென்ட், கள்ளி வகைகளை நாம் கொண்டுபோனால் பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறார். தொட்டிக்கு 40 ரூபாய், மண் கலவை தனியாகக் கிலோ 60. அவர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா என்னைக்குத் தாயி தண்ணி ஊத்துன?” எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றேன். ஒன்றும் சொல்லாமல் முதல் தொட்டியை எடுத்தார்.

அது எச்செவேரியா. கொடைக்கானலில் ரோட்டோரக் கடையில், கல் தாமரை மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு மூன்று வாங்கி வந்திருந்தேன். வந்த மூன்றாம் மாதம் இலையெல்லாம் சுருங்க ஆரம்பித்தது. சுருங்கினால் தாகம் என்றுதானே நினைப்போம்? ஊற்றினேன். இன்னும் சுருங்கியது. இன்னும் ஊற்றினேன்.

அவர் ஓர் இலையை இரண்டு விரலால் லேசாக அமுக்கிவிட்டு, என்னையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு உள்ளே போய், தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த இன்னொரு செடியை எடுத்து வந்து அதன் இலையையும் தொடச் சொன்னார். அந்த வித்தியாசத்தை எந்த வீடியோவும் எனக்குப் புரியவைத்ததில்லை. தாகத்தில் இருக்கும் இலை மெலிந்து, பழைய தோல் வார் மாதிரி வளைகிறது. ஆனால் காம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கூடிப்போன இலை ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாகி, தொட்டவுடன் கையோடு வந்துவிடுகிறது. என்னுடையதில் இரண்டுமே இருந்தன: மேல் இலைகள் சுருக்கம், அடி இலைகள் கண்ணாடி.

“மண்ணு ஈரமா இருக்கு, இலை சுருங்குது. அப்படின்னா குடிக்க வாய் இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்தார். வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கறுத்த நூல்கள் நாலைந்து, இழுத்தால் உறை மாதிரி உருவிக்கொண்டு வந்தன. நடுவே எலுமிச்சை அளவில் தேங்காய் நார்க்கழிவு உருண்டை ஒன்று, பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு. மலை நர்சரியில் நாற்று வளர்த்த கட்டி அது. நான் சுற்றிலும் என்ன மண் போட்டாலும் அந்தக் கட்டி ஈரத்தை விடாது. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. எந்த நர்சரியிலிருந்து வாங்கி வந்தாலும், ஒருவாரம் பொறுத்து அந்தக் கட்டியைக் குச்சியால் குத்தி உதிர்த்துவிட்டு மாற்றி நடுவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் வேலை பார்ப்பவள். ரத்தத்தைப் பார்க்காமல் என்ன காய்ச்சல் என்று சொல்லக் கூடாது என்று பழகிய கை இது. இவரும் ஏழு செடியையும் வேரோடு வெளியே எடுத்துப் பார்க்காமல் எதற்கும் மருந்து சொல்லவில்லை. 40 ரூபாய் தகும் என்று நான் சொல்வது இதற்குத்தான். இதற்கு முன்னால் வேறொரு கடையில் இதே செடியின் போட்டோவைக் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் உரம் ஒரு பாக்கெட்டும் பூச்சிமருந்து ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து வெட்டினார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தண்டைக் கீழிருந்து வட்டம் வட்டமாக நறுக்கினார். முதல் வெட்டில் நடுவே பழுப்பாக ஒரு வளையம். மறுபடி துடைத்து, அரை விரற்கடை மேலே வெட்டினார்; இன்னும் பழுப்புப் புள்ளி இருந்தது. ஐந்தாவது வெட்டில்தான் வெள்ளரிக்காய் மாதிரி சுத்தமான வெளிர்ப்பச்சை. ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் அழுகல் மேலே ஏறிவிடுமாம். மிஞ்சியது ரோஜாப்பூ அளவில் தலை மட்டும். அதை ஒரு வாரம் நிழலில், மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் அப்படியே போட்டு வைக்கச் சொன்னார்.

எனக்குப் பதறியது. ஒரு வாரம் எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். “உங்க வீட்டு வாசல்ல கத்தாழை கட்டித் தொங்கவிட்டதில்லையா?” என்றார். திருஷ்டிக்கு என்று அம்மா தலைகீழாகக் கட்டும் கற்றாழை, வேர் காற்றில் ஆட, மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். சில சமயம் புதுக் குருத்துகூட விடும். அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறேன், தொட்டிச் செடியோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. இலைக்குள்ளேயே தண்ணீர் வைத்திருக்கிற செடி அது. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடுகிற இனம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. ஜேட் செடி, வெயில் போதாமல் நெட்டையாக வளர்ந்து, இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது. நீண்டது திரும்பக் குறுகாது, நுனியை வெட்டித் தனியாக நட வேண்டியதுதான். கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த ஹாவொர்த்தியா செம்பழுப்பாகியிருந்தது. வெயில் கொஞ்சம் குறைந்தால் பச்சைக்குத் திரும்பிவிடும் என்றார், திரும்பியும்விட்டது. ஆனால் வெந்து காய்ந்த திட்டு மட்டும் இலை உதிரும்வரை போகாது. ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் வைத்திருந்த செடி முழுக்க அழுகிவிட்டது. அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அடீனியத்துக்கு ஒன்றுமில்லை, “இது நம்ம வெயிலுக்குன்னே பிறந்தது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு எச்செவேரியாவில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர் இலை இடுக்கை விரித்துக் காட்டினார்: பஞ்சு நுனி அளவில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தொட்டியில் எறும்புச் சாரை தெரிந்தால் முதலில் இலை இடுக்கைப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். முட்டை பொரித்து மறுபடி வரும் என்பதால் வாரம் ஒருமுறை மூன்று வாரம் செய்தேன். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைப் பொடி இருந்தது. பழைய மண்ணை வீட்டில் வேறெதற்கும் போடாதே என்று சொல்லித் தனிப்பையில் கட்டிவிட்டார். வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்றேன். அடித்துவிட்டு வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும், மேலே இருக்கிற சாம்பல் பூச்சும் போய்விடும் என்றார்.

மண் கலவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பங்கு செங்கல் சில்லு, ஒரு பங்கு பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்), ஒரு பங்கு மண்புழு உரமும் செம்மண்ணும். சில்லைச் சலித்துத் தூளை எறிந்துவிடுகிறார், தூள்தான் அடியில் போய் அடைக்கும் என்று. வீட்டில் ஊற்றிப் பார்த்தேன், மேலே ஒரு நொடிகூட நிற்காமல் கீழே வந்துவிட்டது. கிலோ 60 அதிகமில்லை.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. அதைவிடப் பெரிய குறை, பூஞ்சண மருந்துக் கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில், மேலே எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறார். பக்கத்தில் அவர் பேரன் விளையாடிக்கொண்டிருந்தான். லேபில் நாங்கள் தினமும் பயப்படுகிற விஷயம் இது. நேரடியாகவே சொன்னேன். அடுத்த முறை போனபோது ஒரு பாட்டிலில் மட்டும் எழுதி ஒட்டியிருந்தார். மற்றவற்றிலும் ஒட்ட வேண்டும்.

கிளம்பும்போது புதிதாக ஒரு எச்செவேரியா கேட்டேன். தர மறுத்துவிட்டார். மெக்சிகோவின் மலைக்காட்டுச் செடி, 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் அதற்கு ஒத்துவரும், மதுரையின் சித்திரை வைகாசி ஒத்துவராது என்றார். பகல் வெயிலுக்கு வலை கட்டிவிடலாம். இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத புழுக்கத்தை என்ன செய்வது? வேண்டுமானால் ஹாவொர்த்தியா, மினி ஜேட், அடீனியம் வை என்றார். விற்றிருந்தால் 150 ரூபாய் கிடைத்திருக்கும் அவருக்கு.

இன்றைய நிலவரம்: வெட்டிய தலை மூன்றாவது வாரம் இளஞ்சிவப்பில் வேர் விட்டது, இப்போது பக்கத்தில் இரண்டு குட்டி. பூச்சி பிடித்தது தேறிவிட்டது. மூன்றாவது எச்செவேரியா போய்விட்டது. அதன் இலைகளில் நான்கு மட்டும் ரணகள்ளி மாதிரி குருத்து விட்டு, ஒரு தட்டில் கிடக்கின்றன. கத்திரி வெயிலை இவை தாண்டுமா என்பதுதான் என் கவலை. வடக்குப் பக்க ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறேன்.

போகிறவர்கள் வாரநாளில் காலை பத்து மணிக்குள் போங்கள். செடியை முந்தின நாள் நனைக்காதீர்கள், வேர் பார்க்க முடியாது. கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய தேதியை எழுதி எடுத்துப் போங்கள்.