ஒரு பக்கம் 'அனாக்', மறுபக்கம் எஸ்பி19

பிலிப்பைன்ஸ்காரர்கள் வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாகப் பாடுபவர்கள், அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அந்நியப் பாணியை எடுத்தும் சொந்தக் குரலை விடாத இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பாடகர் ஃப்ரெடி அகிலாரின் 'அனாக்' என்ற பாட்டு 1978-இல் மணிலாவில் நடந்த முதல் மெட்ரோபாப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தது. முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடல் தாண்டிப் பல மொழிகளுக்குப் போனது அதுதான். கையில் அமெரிக்க ஃபோக் பாணி கிட்டார். மெட்டிலோ, தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லி அங்கே வீடுகளில் இழுத்துப் பாடும் 'பஸ்யோன்' வாடை. 'அனாக்' என்றால் பிள்ளை. ராத்திரி தூக்கம் கெட்டுப் பால் கலக்கும் அம்மா, விடிந்ததும் மடியில் வைத்துக் கொஞ்சும் அப்பா: இந்தக் காட்சிக்கு எந்த ஊர் முத்திரையும் தேவைப்படவில்லை.

எஸ்பி19 வேறு பாதை. கொரிய நிறுவனத்தின் கிளை பயிற்சி கொடுத்து 2018-இல் இறக்கிய ஐவர் பாப் குழு. 2019-இல் 'கோ அப்' நடனப் பயிற்சி வீடியோ இணையத்தில் பரவிய பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. 2021-இல் அமெரிக்காவின் பில்போர்டு இசை விருதுக்குப் பரிந்துரை. கே-பாப் (கொரிய பாப்) நகல் என்ற ஏச்சும் கூடவே வந்தது. நடனமும் ஒழுங்கும் கொரியாவுடையவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் வந்த 'கென்டோ'வைக் கேளுங்கள்: 'இப்படித்தான்' என்பதற்கான பேச்சு வழக்கு, தங்கத்தைக் குறிக்கும் 'கின்டோ'வோடு உரசுகிறது. அந்நாட்டு மொழியான டகாலோக் தெரிந்த காதுக்கே அந்தச் சிலேடை பிடிபடும்.

பாட்டாக எனக்கு 'அனாக்'தான் ஒரு படி மேல். ஆனால் 2023-இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தங்கள் இசையைத் தாங்களே கையில் எடுத்ததற்காக எஸ்பி19-ஐ மனதாரப் பாராட்டுகிறேன்.