கைட்டினை வெட்ட யார் கெட்டி: 18-ஆம் குடும்பமா, 19-ஆ?

எங்கள் வேலூர்ப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களுக்கு டிக்கா இலைப்புள்ளி நோய் தெரியாமல் இருக்காது. அந்தப் பூஞ்சையின் செல்சுவரிலும், மீன் மார்க்கெட்டில் உரித்துக் கொட்டும் இறால் ஓட்டிலும் இருப்பது கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலிதான். அதைத் தின்னும் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது இங்கே பயோடெக் மாணவர்கள் விரும்பி எடுக்கும் புராஜெக்ட். கைட்டின் கலந்த தட்டில், அது கரைந்ததற்கு அடையாளமாகத் தெளிந்த வளையம் விழுந்ததும் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைட்டினை வெட்டும் நொதிகளுக்குக் கைட்டினேஸ் என்று பெயர்; அவற்றை எண்ணிட்ட குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள், முக்கியமானவை 18, 19. வளையம் போட்ட நொதி எந்தக் குடும்பம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

18-ஆம் குடும்பத்துக்கு நல்ல உதாரணம் செராஷியா மார்செசென்ஸ் பாக்டீரியாவின் கைட்டினேஸ் ஏ. நொதிப் புரதத்தின் எட்டு பீட்டா இழைகள் நடுவில், எட்டு ஆல்ஃபா சுருள்கள் சுற்றிலும் நிற்கும் பீப்பாய் வடிவம். 315-ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் சர்க்கரைப் பிணைப்புக்கு ஒரு புரோட்டான் கொடுக்கிறது. அடுத்து நடப்பதுதான் அழகு: வெட்டுப்படும் சர்க்கரையின் சொந்த அசிட்டைல் குழுவே வளைந்து வந்து முதல் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி உண்டாகும் ஆக்சசோலினியம் வளையத்தைத் தண்ணீர் உடைக்க, சர்க்கரையின் பீட்டா வடிவம் (முதல் கார்பனில் பிணைப்பு நிற்கும் பக்கம்) மாறாமல் வெளியே வருகிறது.

19-ஆம் குடும்பத்தில் இந்தச் சுற்றுவழி கிடையாது. ஒரு குளுட்டாமிக் அமிலம் புரோட்டான் தரும், இன்னொன்று தண்ணீரை மறுபக்கத்திலிருந்து ஏவும். பீட்டா ஆல்ஃபாவாகிவிடும். செடிகளில் அதிகம், பாக்டீரியாவில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற சிலவற்றில் உண்டு.

இறால் ஓட்டுக்கு என் ஓட்டு 18-க்குத்தான். செராஷியாவின் கைட்டினேஸ் ஏ, பி இரண்டும் கைட்டின் இழையை விடாமல் பிடித்து, எதிரெதிர் முனைகளிலிருந்து வெட்டிக்கொண்டே போகும். பிடித்துவைப்பவை டிரிப்டோபான் போன்ற அமினோ அமிலங்கள். 2006-இல் பி-யின் 97-ஆம் டிரிப்டோபானை மாற்றிப் பார்த்தார்கள். கைட்டினின் கரையும் உறவான கைட்டோசானில் வேகம் 29 மடங்கு வரை ஏறியது, கெட்டியான கைட்டினில் இறங்கிவிட்டது. ஓடு கெட்டி, ஆகவே பிடி வேண்டும்.

பூஞ்சை என்றால் கதை வேறு. ஸ்ட்ரெப்டோமைசிஸின் 19-ஆம் குடும்ப நொதி பூஞ்சை இழையின் வளர்ச்சியை நன்றாகவே தடுக்கிறது. பாக்டீரியாவின் 18-களில் பலவற்றுக்கு அந்த வலு இல்லை. மல்லாட்டைக்காகத் தேடுகிறவர்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்கம் போகலாம். வளையம் விழுந்ததும் அலோசமிடின் என்ற தடுப்பானைச் சேர்த்துச் சோதியுங்கள்: 18 என்றால் வேலை நின்றுவிடும், 19 அசையாது.