அப்பா ஆகப்போறவங்களுக்கான ஆன்லைன் கிளாஸ்: காசு குடுத்துச் சேரலாமா?

முதல்லயே சொல்லிடுறேன், குழந்தை இன்னும் பொறக்கல, மனைவிக்கு இப்போ 35வது வாரம் ஓடுது, அதனால இத பாதி ரிவியூன்னே வச்சுக்கோங்க. ஆனா கிளாஸ் முடிஞ்சிடுச்சு, சேரலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கு இப்பவே சொன்னாத்தான் யூஸ், பொறந்ததுக்கப்புறம் உக்காந்து எழுத எனக்கு எங்க நேரம் இருக்கப்போகுது. கம்பெனி பேர் போடல, ஏன்னா கொறையும் கொஞ்சம் சொல்லப்போறேன்.

லைவ் வீடியோ கிளாஸ், வீக்கெண்ட்ல மட்டும், அப்புறம் ரெக்கார்டிங்கும் குடுத்துடறாங்க. எடுக்கறவங்க லேபர் வார்டுல பல வருஷம் வேலை பாத்த ஒரு மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்கறவங்க. பேட்ச்ல அப்பாக்கள் மட்டும்தான். இது நல்லதா கெட்டதான்னு ஆரம்பத்துல எனக்கு டவுட்டா இருந்துச்சு, ஆனா கூட மனைவி இல்லாததால ஆளாளுக்கு வெக்கப்படாம கேள்வி கேட்டாங்க. ஒருத்தர் "குழந்தைய கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு மேடம்"னு கேட்டாரு, எல்லாரும் மியூட்ல இருந்தாலும் அத்தன தலையும் ஆடுச்சு.

முதல் கிளாஸ ஸ்கிப் பண்ணிடலாம், ஒண்ணும் இழப்பு இல்ல. பின்னாடி பியானோ வாசிச்சுட்டு, அப்பாங்கறது பொறுப்பு, அப்பாங்கறது பாசம்னு ஸ்லைடு ஸ்லைடா போகுது, இதுக்காடா காசு கட்டினோம்னு தோணுச்சு.

ரெண்டாவதுல இருந்துதான் விஷயமே ஆரம்பிக்குது. வலிய எப்படி எண்றதுன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. நெறைய பேர் ஒரு வலி முடிஞ்சு அடுத்தது வர்ற கேப்ப எண்ணுவாங்களாம், அப்படி இல்ல, ஒண்ணு ஆரம்பிச்சதுல இருந்து அடுத்தது ஆரம்பிக்கற வரைக்கும் எண்ணணும், ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது தனிக் கணக்கு. முதல் பிரசவத்துக்கு 5-1-1னு சொல்றாங்க, அதாவது 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம், இப்படியே 1 மணி நேரம் விடாம வந்தா கெளம்பணும், ஆனா உங்க டாக்டர் வேற கணக்கு சொல்லியிருந்தா அதுதான் ஃபைனல். நடந்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, தண்ணி குடிச்சாலோ அடங்கிடுச்சுன்னா பெரும்பாலும் பொய் வலி, நெஜ வலி எப்படி உக்காந்தாலும் கூடிக்கிட்டேதான் போகும். இத விட எனக்குப் புடிச்சது, எப்பல்லாம் இந்தக் கணக்கையே பாக்கக்கூடாதுன்னு அழுத்திச் சொன்னது. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையோட அசைவு கொறைஞ்சாலோ, 37 வாரம் முடியறதுக்கு முன்னாடியே வலி வந்தாலோ எண்ணிட்டு உக்காரக்கூடாது, ஃபோன எடு. வர்ற தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா குழந்தை உள்ளயே மலம் போயிருக்கலாம், கலர் என்ன, எத்தன மணிக்குன்னு குறிச்சு வச்சுச் சொல்லணும். வலியில துடிக்கறவங்கள இதெல்லாம் கவனின்னு சொல்ல முடியாது, அதனால இது முழுக்க நம்ம டிபார்ட்மெண்ட்.

அதே கிளாஸ்ல முதுகுல அழுத்தம் குடுக்கற டெக்னிக்கும் வந்துச்சு. முதுகெலும்பு கீழ வந்து முடியற அந்தத் தட்டையான எலும்பு மேல உள்ளங்கையோட அடிப்பாகத்த வச்சு, வலி வர்றப்ப நல்லா உடம்பு வெயிட்டப் போட்டு அழுத்தணும். தடவிக் குடுக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாதாம். பிரசவத்துல எப்படி இருக்கும்னு தெரியல, ஆனா இப்பவே மனைவிக்கு ராத்திரி முதுகு வலிக்கறப்ப செஞ்சு பாக்கறேன், "இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் அழுத்து"ன்னு ஆர்டர் வருது. கட்டின காசுல பாதி இதுலயே வந்துடுச்சுன்னு சொல்லலாம்.

ஆனா இந்தக் கிளாஸோட உண்மையான வேல்யூ பொறந்ததுக்கு அப்புறம் இருக்கற பகுதிதான். பொம்மை இல்லன்னா ஒரு டவல உருட்டி வச்சுக்கோங்கன்னு சொல்லி, கேமரா முன்னாடி ஒவ்வொருத்தரையும் செய்ய வச்சாங்க. தூக்கறது, கழுத்தத் தாங்கறது, டயப்பர் மாத்தறது, துணியில சுத்தறது. சுத்தறப்ப நம்ம கை தானா காலையும் சேத்து டைட்டா கட்டப் போகுது, அது கூடாது, இடுப்பும் காலும் மடங்கி விரியற அளவுக்கு லூசா இருக்கணும், இல்லன்னா இடுப்பு மூட்டுக்குப் பிரச்சன வரும். குழந்தை பொரள ட்ரை பண்ண ஆரம்பிச்சதும் சுத்தறத நிறுத்திடணும். முதல் ஒண்ணு ரெண்டு நாள் மலம் கருப்பா பிசுபிசுன்னு தார் மாதிரி வரும், பாத்து அலறாதீங்கன்னாங்க. பொண்ணா இருந்தா முன்னாடியில இருந்து பின்னாடிதான் தொடைக்கணும். தொப்புள் கொடி காயறதுக்காக டயப்பர கீழ மடிச்சு விடணும், அது 1ல இருந்து 3 வாரத்துக்குள்ள தானா விழும், புடிச்சு இழுக்கக்கூடாது.

பொறந்த ஒடனே கை கால் மட்டும் லேசா நீலமா இருக்கலாம், அது சகஜம், ஒதடு நாக்கு நீலமா இருந்தாத்தான் பயப்படணும். பொறந்த 1வது நிமிஷமும் 5வது நிமிஷமும் குழந்தையோட மூச்சு, இதயத்துடிப்பு, கலர் எல்லாம் பாத்து ஸ்கோர் போடுவாங்க, 10க்கு 10 வாங்கலன்னு மொகத்தத் தொங்கப் போடாதீங்க, 7ஓ அதுக்கு மேலயோ இருந்தாலே ஓகேதானாம். முதல் சில நாள்ல வெயிட் கொறையும், 10 சதவீதம் வரைக்கும் கூட போகலாம், அதுக்கு மேல போகாம டாக்டர் பாத்துப்பாங்க, பெரும்பாலும் 2 வாரத்துக்குள்ள பழைய வெயிட்டுக்கு வந்துடும். குளிப்பாட்டறத 24 மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்காம், எனக்கு இது புது விஷயம்.

தூங்க வைக்கறதுல மட்டும் மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். மல்லாக்கதான் படுக்க வைக்கணும், கெட்டியான சமமான படுக்கை, தலகாணி கூடாது, பொம்மை கூடாது, லூசான போர்வை கூடாது, நம்ம ரூம்லயே ஆனா தனிப் படுக்கையில. அமெரிக்காவுல 1994ல மல்லாக்கப் படுக்க வைங்கன்னு ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சப்புறம் தூக்கத்துலயே திடீர்னு குழந்தை எறந்து போறது கிட்டத்தட்ட பாதியா கொறைஞ்சுச்சுன்னு சொன்னாங்க. அதக் கேட்டப்புறம் தொட்டிலுக்குன்னு கார்ட்ல போட்டு வச்சிருந்த குட்டித் தலகாணி, ஓரத்துல கட்டற மெத்தை எல்லாத்தையும் தூக்கிட்டேன்.

அழுகையப் பத்தின செஷன எங்க அக்காவும் கூட உக்காந்து பாத்தா, அவளுக்கு ரெண்டு பசங்க. அழுகை 6 வாரம் வாக்குல உச்சத்துக்குப் போயி அப்புறம் மெல்ல கொறையுமாம். பால் குடுத்தாச்சு, டயப்பர் மாத்தியாச்சு, காய்ச்சல் இல்ல, அப்பவும் நிக்கலன்னா, நமக்குக் கோவம் தலைக்கேறுதுன்னு தெரிஞ்ச ஒடனே குழந்தைய பத்திரமா தொட்டில்ல படுக்க வச்சுட்டு கொஞ்ச நேரம் வெளிய வந்து நிக்கலாம், அது தப்பே இல்ல, ஆனா எக்காரணம் கொண்டும் குலுக்கக்கூடாது, மூளையில ரத்தம் கசியும். "உங்க மாமாவ அப்பவே இதுல சேத்து விட்டிருக்கணும்டா"ன்னா அக்கா. மாமா ஹால்ல டிவி பாத்துட்டு இருந்தாரு, கேக்காத மாதிரியே.

இப்ப கொறைக்கு வரேன். சிசேரியனுக்கு ஒதுக்கினது ஒரு சில நிமிஷம்தான், அதுவும் கேள்வி கேட்டப்புறம். உலகத்துல 5 பிரசவத்துல ஒண்ணுக்கு மேல சிசேரியன்னு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, அப்படி இருக்கறப்ப அத ஓரமா தள்றது எப்படி நியாயம்? மனைவி ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கறப்ப அப்பா சட்டையக் கழட்டிட்டு குழந்தைய வெறும் மார்புல போட்டுக்கலாம், ஆஸ்பத்திரி ஒத்துக்குமான்னு முன்னாடியே கேட்டு வைக்கணும், இந்த முக்கியமான தகவலே கேள்வி பதில்லதான் வெளிய வந்துச்சு. தையல் போட்டவங்கள எப்படி எழுப்பி உக்கார வைக்கறது, எத்தன நாளைக்கு வெயிட் தூக்க விடக்கூடாதுன்னெல்லாம் ஒண்ணுமே சொல்லல. அம்மாக்களுக்கு வர்ற மன அழுத்தத்தப் பத்தி நல்லாவே சொன்னாங்க, அப்பாக்களுக்கும் 10ல ஒருத்தருக்கு வருதுன்னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவிட்டாங்க, அப்பாக்களுக்கான கிளாஸ்ல அப்பாவுக்கே ஒரு ஸ்லைடுதானா. தவிர ஒவ்வொரு கிளாஸ் முடிவுலயும் பிரீமியம் பேக் வாங்குங்கன்னு ஒரே நச்சு, வாங்கத் தேவையே இல்ல, செக்லிஸ்ட் பிடிஎஃப் மட்டும்தான் அதுல எக்ஸ்ட்ரா.

நெனச்சே பாக்காத ஒரு வேலை கெடச்சுது, அது கக்குவான் இருமல் தடுப்பூசி. குழந்தை கூட நெருங்கிப் பழகப்போற பெரியவங்க, இன்னும் போட்டுக்கலன்னா, குழந்தையப் பாக்கறதுக்குக் கொறஞ்சது 2 வாரம் முன்னாடியே போட்டுக்கணும். நான் போட்டாச்சு, அக்காவையும் மாமாவையும் தள்ளிக்கிட்டுப் போகணும். அப்புறம் 3 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் காட்டினா வீட்டு மருந்தெல்லாம் பாக்காம நேரா டாக்டர், இத ஒரு பேப்பர்ல எழுதி தெர்மாமீட்டர் டப்பா மேலயே ஒட்டியாச்சு.

ஸ்டார் குடுக்கணும்னா 5க்கு 4, சிசேரியன ஒழுங்கா எடுத்திருந்தா நாலரை. சேர்றதுன்னா ரொம்ப சீக்கிரமும் வேணாம், ரெக்கார்டிங்க 6 மாசம் பாக்கலாம்னு போட்டிருக்காங்க, அது சேந்த நாள்ல இருந்து கணக்கு, 12வது வாரத்துலயே ஆர்வத்துல சேந்துட்டீங்கன்னா சரியா டயப்பர் மாத்தற வீடியோ வேணுங்கறப்ப பூட்டிக்கும். 28ல இருந்து 32 வாரத்துக்குள்ள சேந்தா கரெக்டா இருக்கும், பணம் கட்டறதுக்கு முன்னாடி சிசேரியனுக்குத் தனி கிளாஸ் இருக்கான்னு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கோங்க.