1972 கார்வெட்டுடன் 12 ஆண்டுகள்: டேங்க் மேல் ஒட்டியிருந்த காகிதம்

செவர்லே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான இந்தக் கார்வெட்டைச் சிவப்பு வண்டியாகத்தான் வாங்கினேன். ஃபேக்டரியில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். முன்னாலும் பின்னாலும் குரோம் பம்பர், பக்கவாட்டில் முட்டைக் கூடை போன்ற கிரில், நீண்ட முகப்பு. இதையெல்லாம் பார்த்து மயங்கி நின்றவனுக்கு அன்று வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அங்கே ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு கண்ணில் பட்டது. துணியால் துடைத்தேன். 400 என்று ஓர் எண், 989 என்று இன்னோர் எண், அப்புறம் எஃப் 18. அன்றிரவே தேடிப் பார்த்தேன். 400 என்றால் கறுப்பு வினைல் இருக்கை. 989 என்றால் வார் பானட் யெல்லோ, தங்கச் சாயல் கொண்ட மஞ்சள். மறுநாள் காலை ஹெட்லைட் எழும்பி மடங்கும் குழிக்குள் டார்ச் அடித்தேன். உள்மூலையில், ஸ்ப்ரே கன் எட்டாத இடத்தில், மஞ்சள் மின்னிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்துதான் இந்தக் காரை நான் படிக்கத் தொடங்கினேன். 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓட்டிய அனுபவத்தோடு சேர்த்து, இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று அதன் உடம்பிலிருந்தே தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

எஃப் 18 என்பது பாடி கட்டப்பட்ட நாள். 1972 மாடல் ஆண்டுக்கான எழுத்துகள் 1971 ஆகஸ்டில் ஏ என்று தொடங்குகின்றன. அந்தக் கணக்கில் எஃப் என்றால் ஜனவரி. ஆக, 1972 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் உள்ள வண்டி எண்ணையும் இப்படியே பிரித்துப் படிக்கலாம். முதலில் வரும் 1 செவர்லேயைக் குறிக்கும், இசட் கார்வெட்டை. அடுத்து 37 இருந்தால் மூடிய கூரை கொண்ட கூப்பே, 67 இருந்தால் திறந்த கூரை. அதற்கடுத்த எழுத்து என்ஜின்: கே என்றால் 350 கன அங்குல அடிப்படை என்ஜின், எல் என்றால் அதே 350-இன் அதிகத் திறன் வடிவமான எல்டி-1, டபிள்யூ என்றால் பெரிய 454. வண்டி எண்ணுக்குள் என்ஜின் எழுத்து வரத் தொடங்கியது இந்த 1972-இல்தான். அதனால் 1971 வரையிலான வண்டிகளை வாங்குபவர்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு நமக்கு இருக்கிறது. கே என்று போட்ட வண்டியை எல்டி-1 என்று யாராவது விற்க வந்தால், அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். கடைசி எழுத்து எஸ். அது வண்டி கட்டப்பட்ட ஊர், மிசௌரியின் செயின்ட் லூயிஸ்.

நான் இருப்பதும் செயின்ட் லூயிஸ் பக்கத்தில்தான். வண்டி வாங்கிய புதிதில் நேச்சுரல் பிரிட்ஜ் அவென்யூவும் யூனியன் புலவார்டும் சந்திக்கும் இடத்துக்கு இதை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அந்த ஃபேக்டரி இருந்தது. கார்வெட்டின் முதல் 300 வண்டிகள் 1953-இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில், ஏறக்குறையக் கையாலேயே கட்டப்பட்டன. முந்நூறும் வெள்ளை, உள்ளே சிவப்பு, ஆறு சிலிண்டர் என்ஜின், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். அந்த ஆண்டு டிசம்பரில் தயாரிப்பு செயின்ட் லூயிஸுக்கு வந்தது. 1981 ஜூலை 31 வரை இங்கேயே நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் கென்டக்கியின் பௌலிங் கிரீனில் புதிய ஃபேக்டரி தொடங்கிவிட்டதால், இரண்டு மாதம் இரண்டு ஊரிலும் கார்வெட் தயாராகி வந்திருக்கிறது. நான் போனபோது கிடங்குகளும் லாரிகளும்தான் இருந்தன. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1972-இல் மொத்தம் 27,004 கார்வெட்டுகள் வந்தன. அதில் கூப்பே 20,496, மற்றவை திறந்த கூரை. இந்த ஆண்டுக்குத் தனி மதிப்பு இருப்பதற்குக் காரணம், இதோடு நின்றுபோன விஷயங்கள். இரண்டு பக்கமும் குரோம் பம்பர் வந்தது இதுவே கடைசி. மோதல் விதிகளுக்காக 1973-இல் முன்பக்கம் ரப்பர் போன்ற மூக்காக மாறியது. வைப்பரை மறைக்கும் தனி மூடியும் இதோடு சரி. கழற்றக்கூடிய பின்கண்ணாடியும் அப்படித்தான். டீ-டாப் எனப்படும் கூரைப் பலகை இரண்டையும் எடுத்துவிட்டு, பின்கண்ணாடியையும் கழற்றி அதன் தட்டில் செருகிவிட்டு, அக்டோபர் மாத மாலையில் மிசௌரி ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். தலைக்கு மேலே நடுவில் ஒரு பட்டை, அவ்வளவுதான்; காற்று முன்னால் வந்து பின்னால் போய்விடும். திறந்த கூரை வண்டியில்கூட இந்த அமைதி கிடைக்காது. இதற்காகவே நான் 1973-க்குப் பிந்தையதைத் தேடவில்லை.

என்ஜின் 200 குதிரைத்திறன்தானா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முந்தைய ஆண்டு இதே 350-க்கு 270 என்று போட்டிருந்தார்கள். வண்டி திடீரென்று சோர்ந்துவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. அதுவரை ஃபேன், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேசையில் வைத்து அளந்த எண்ணைச் சொன்னார்கள். 1972-இல் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்து சொன்னார்கள். ஓட்டும்போது 200 குறைவு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இரண்டாவது கியரில் மேட்டில் இழுக்கும் இழுப்பு அப்படி.

அந்த என்ஜின் இந்த வண்டியோடு பிறந்ததுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு தட்டையான திட்டு இருக்கும். கிரீஸைச் சுரண்டாமல், கரைப்பான் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். வி 0107 சிகேடபிள்யூ என்று வந்தது. வி என்றால் ஃபிளின்ட் என்ஜின் ஆலை, 0107 என்றால் ஜனவரி 7, சிகேடபிள்யூ என்றால் நான்கு கியர் மேனுவலுக்கான 350. பாடிக்கு 11 நாள் முன்னால் கட்டிய என்ஜின், கணக்கு பொருந்துகிறது. பக்கத்திலேயே வண்டியின் தொடர் எண்ணும் குத்தியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் திட்டின் மேல் சீப்பால் வாரியதுபோல் மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். ஃபேக்டரியில் என்ஜின் பிளாக்கைச் செதுக்கிய இயந்திரம் விட்ட தடம் அது. வேறு என்ஜினை மழித்து எண்ணைப் புதிதாகக் குத்துகிறவர்கள் முதலில் அழிப்பது இந்தக் கோடுகளைத்தான். பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். 1967 முதல் ஃபேக்டரியில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டிக்கு என்னென்ன மாட்ட வேண்டும் என்ற பட்டியலை அச்சடித்து பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிவிடுவார்கள். தயாரிப்பு வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பதற்காக ஒட்டியது. 50 ஆண்டு கழித்து யாராவது தேடுவார்கள் என்று நினைத்து ஒட்டவில்லை. அதைப் பார்க்க ஸ்டெப்னியைக் கழற்றி, அதைத் தாங்கும் தொட்டியை எடுத்து, டேங்க்கை இறக்க வேண்டும். பல வண்டிகளில் ஈரத்தில் கரைந்தோ எலி தின்றோ போயிருக்கும். என் வண்டியில் பழுப்பேறி, அப்பளம்போல் மொறுமொறுப்பாக, முக்கால்வாசி இருந்தது. தொடவே பயமாக இருந்தது. பக்கவாட்டில் விளக்கை வைத்து 40 படம் எடுத்த பிறகே மூச்சு விட்டேன்.

அதில் இருந்தவை: யூ69, அதாவது ஏஎம்-எஃப்எம் ரேடியோ, என்37, சாய்த்து நீட்டக்கூடிய ஸ்டியரிங், பியூ9, வெள்ளை எழுத்து டயர். இல்லாதது என்40, அதாவது பவர் ஸ்டியரிங். ஆனால் என் வண்டியில் பவர் ஸ்டியரிங் இருந்தது. கராஜ் தரையில் எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. இந்தக் காலத்து கார்வெட்டில் அது தனி சிலிண்டர், தனி கண்ட்ரோல் வால்வு என்று வெளியே தொங்கும் அமைப்பு. ஒழுகுவது அதன் பழக்கம். இரண்டு முறை சீல் மாற்றியும் நிற்கவில்லை. யாரோ பிற்காலத்தில் மாட்டியது என்று காகிதம் சொன்னதும் எல்லாவற்றையும் கழற்றி, முதல் உரிமையாளர் கேட்டபடி சாதா ஸ்டியரிங்குக்குத் திரும்பினேன். நிறுத்துமிடத்தில் திருப்புவதற்குத் தோள் வலிக்கும், உண்மை. ஆனால் 40 மைல் வேகத்துக்கு மேல் முன்சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. ஸ்டியரிங்கைத் தன் உயரத்துக்குச் சாய்த்துக்கொள்ளப் பணம் கொடுத்தவர் பவர் ஸ்டியரிங்கை ஏன் வேண்டாம் என்றார் என்பது முதல் வளைவிலேயே புரிந்தது.

பிரேக்கில்தான் நான் அதிகம் இழந்தேன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன். 1965 முதல் இருக்கும் நல்ல அமைப்பு. வண்டி சும்மா நின்றால் காலிப்பரின் உள்சுவர் அரித்து ஒழுகும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் போட்டால் தீர்ந்துவிடும், அசல் வார்ப்பையும் தூக்கியெறிய வேண்டாம். ஆனால் பின்டிஸ்க்கின் கதை வேறு. ஃபேக்டரியில் அதைச் சக்கர அச்சான ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்து நேராக்குவார்கள். இது தெரியாத ஒரு பட்டறையில் ரிவெட்டைத் துளைத்துப் புது டிஸ்க் மாட்டிக் கொடுத்தார்கள். 200 மைலில் பெடல் தரைக்குப் போனது. டிஸ்க் கோணலாகச் சுற்றினால் பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளி, சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துவிடும். எத்தனை முறை காற்றெடுத்தாலும் திரும்ப வரும். கடைசியில் டயல் கேஜ் வைத்து, ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு கொடுத்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் கொண்டுவந்தேன். எட்டு வருடமாகப் பெடல் கல் மாதிரி நிற்கிறது.

ஹெட்லைட் என்ஜினின் வேக்குவத்தில் எழும். எங்கோ ஒரு ஹோஸில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி நிற்கும். மழை இரவில் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு முறை ஆனது; அந்த வாரமே மொத்த ஹோஸையும் மாற்றினேன். கோடையில் கால்மாட்டில் வெக்கை தாங்காது, என் வண்டியில் ஏசியும் இல்லை. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர், ஊருக்குள் 4-க்குச் சற்று மேல். டீ-டாப் ஓரத்தில் பெருமழையில் ஒரு சொட்டு வரும்.

மறுசீரமைப்பைப் பற்றி என் எண்ணத்தை மாற்றியது என்.சி.ஆர்.எஸ். என்ற கார்வெட் மறுசீரமைப்போர் சங்கத்தின் மதிப்பிடல். 94 சதவீதம் எடுத்தால்தான் முதல் தரம். அவர்கள் பார்ப்பது வண்டி ஃபேக்டரி வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதை. கண்ணாடிபோல் பளபளக்கும் புதுப் பெயின்டுக்கு அங்கே புள்ளி குறையும், ஏனென்றால் செயின்ட் லூயிஸில் அடித்த லாக்கர் பெயின்ட் கீழ்ப்பகுதியில் சொரசொரப்பாகத்தான் இருந்தது. சேசிஸில் பாடி உட்காரும் இடங்களுக்குப் பக்கத்தில், எத்தனை ஷிம் வைக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளி மெழுகுப் பென்சிலால் எழுதிய எண் எனக்குக் கிடைத்தது. ‘2’ என்று, அவசரத்தில் வால் நீண்ட எழுத்து. அதன்மேல் இதுவரை தண்ணீர்கூடப் படவிடவில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாடியை அல்ல. கார்வெட்டின் பாடி ஃபைபர்கிளாஸ், அதற்குத் துரு கிடையாது. அதற்குள் ஒளிந்திருக்கும் இரும்புக் கூட்டுக்கு உண்டு. முன்கண்ணாடித் தூணின் அடி, டீ-டாப் நீர் இறங்கும் இடம், பின்சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் மேலேறி வளையும் இடம் — இந்த மூன்றிலும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். பெயின்டும் இருக்கையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கூடு போனால் வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

என் வண்டியில் முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு துரு இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் கண்ணாடியை எடுக்கப் போகிறேன். அதைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டியே ஆக வேண்டும் என்பதால், சிவப்பு முழுவதையும் எடுத்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். 989 மஞ்சள் கலந்து வந்து கராஜ் அலமாரியில் இருக்கிறது.