வெண்கோலுக்குத் துணை எது: ஸ்மார்ட்கேனா, மணிக்கட்டுப் பட்டையா, கேமரா கண்ணாடியா?

பார்வையற்றோர் பிடித்து நடக்கும் வெண்கோல் தரையை நன்றாகவே படிக்கும். பள்ளம், படி, நடைபாதை விளிம்பு எல்லாம் முனையில் தட்டுப்பட்டுவிடும். அதற்கு எட்டாதவை இடுப்புக்கு மேலே இருப்பவை: நின்றிருக்கும் லாரியின் பின்னால் நீட்டிய கம்பி, பெட்டிக்கடையின் தகரக் கூரை, வெளிப்பக்கம் திறந்த ஜன்னல் கதவு. வாங்கப்போகும் கருவி எதுவானாலும், இந்த அடியிலிருந்து காக்குமா என்று முதலில் கேளுங்கள்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், உடலில் அணிவதல்ல. கோலின் பிடியில் மாட்டுவது. ஆனாலும் அணிகருவிகளை அதோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு வேலையை அது குறைந்த செலவில் செய்கிறது. காதுக்கு எட்டாத உயர் ஒலியான மீயொலியை அனுப்பி எதிரொலியை வாங்கி, முழங்காலிலிருந்து தலை வரையுள்ள தடையை அதிர்வாகச் சொல்லும். வீட்டுக்குள் 1.8 மீட்டர், வெளியே 3 மீட்டர் என இரண்டு நிலைகள்.

தவறு பெரும்பாலும் நிலையைத் தேர்வதில்தான். பேருந்து நிலையத்தில் 3 மீட்டரில் விட்டுவிட்டால் முன்னால் போகிறவர் முதுகுக்கெல்லாம் அதிரும். சிறிது நேரத்தில் மனம் அதைக் கண்டுகொள்ளாது, உண்மையான தடை வரும்போதும் அப்படியே. கூட்டத்தில் 1.8-க்கு மாற்றிவிடுங்கள். அடுத்தது பிடி: கைக்குள் கோல் கொஞ்சம் சுழன்றாலும் அலை பக்கவாட்டில் போய்விடும்.

சுனு பேண்ட் போன்ற மணிக்கட்டுப் பட்டையிலும் இதே மீயொலிதான். எட்டும் தூரம் கூடுதல், சுமார் 5.5 மீட்டர். கோல் பிடிக்காத கையில் கட்டுவதால் வேண்டிய திசையில் நீட்டித் தேடலாம். வரிசையில் முன்னால் நிற்பவர் நகர்ந்துவிட்டாரா என்று பார்க்க இதைவிட வசதி இல்லை. நடக்கும்போதுதான் சிக்கல். கை வீசினால் அலையும் வீசும். நெஞ்சுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்தால் தோள் வலிக்கும். அந்தக் கையில் காய்கறிப் பை இருந்தால் பட்டை கட்டியும் கட்டாததுதான்.

கேமரா கண்ணாடிகளை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே பாதித் தவறு. கண்ணாடிக் காம்பில் காந்தத்தால் ஒட்டும், 22.5 கிராம் எடையுள்ள ஆர்கேம் மை ஐ 2, அச்சை வாசிக்கும், முகம் சொல்லும். தடை காக்கும் கருவி அல்ல. அது பேசும்போது காதை வண்டிச் சத்தத்தோடு பங்கு போட்டுக்கொள்ளும். சாலையைக் கடக்கையில் அணைத்துவிடுங்கள். ஸ்மார்ட்கேனைவிடப் பல மடங்கு விலை. வாசிப்புக்கு வாங்கினால் மட்டுமே அந்தப் பணத்துக்கு நியாயம்.

ஹைதராபாத்தில் பிறந்த லே சல் (Lechal) காலணி வழிகாட்டும் ரகம்: வலப்பக்கம் திரும்ப வலது கால் அதிரும். காதை விட்டுவைப்பது நல்ல யோசனை. ஆனால் அது நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும் என்பதால், சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியாது.

சுவிட்சர்லாந்தின் நோவா வேறு வகை: தோளில் பூட்டிக்கொள்வது, 170 பாகை அகலம் பார்க்கும் கேமராக்கள். பள்ளத்தையும் உணரப் பார்ப்பது இந்த வரிசையில் இது மட்டுமே. நம் ஊர் வெயிலுக்கு மார்பில் பட்டை இறுக்கி நடப்பது எளிதல்ல.

நடமாட்டத்துக்கு மட்டும் என்றால் எங்கள் வாக்கு ஸ்மார்ட்கேனுக்கு. எதையும் வாங்குமுன் ஆறு மீட்டர் தள்ளி நின்று, முதலில் சுவரை நோக்கி நடந்து அதிர்வு தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கனத்த திரைச்சீலை: துணி ஒலியை விழுங்குவதால் அதிர்வு தாமதமாகும். பிறகு பாதி திறந்த கதவு: சாய்ந்த பரப்பு எதிரொலியை வேறு பக்கம் தள்ளிவிடும். மெல்லிய கொடிக்கம்பியையும் ஒருமுறை பாருங்கள், பல நேரம் தப்பிவிடும். கடைசியாக, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு இறங்குபடியின் விளிம்புக்குப் போங்கள். மீயொலிக் கருவி இரண்டும் அங்கே சும்மா இருக்கும். அது பழுதல்ல, முன்னால் எதிரொலிக்க ஒன்றுமில்லை.