வயிற்றுக் கணக்கு வேறு, லீவுக் கணக்கு வேறு

நான் இருக்கும் இங்கிலாந்தில் உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் இலவசம்தான். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் 40 இருந்தால் பரிந்துரைக்கலாம். 35-க்கு மேல் இருந்து, கூடவே பிரஷர், சுகர் மாதிரி ஏதாவது இருந்தாலும் சரி. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடுவதால் அந்த எண்களில் 2.5 கழித்துக்கொள்வார்கள். எனக்கு 38. பிரஷர், கொலஸ்ட்ரால், ராத்திரி மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா எல்லாம் இருந்ததால் தகுதியில் குறையில்லை. ஆனால் அறுவைக்கு முன் எடைக் குறைப்புக்கான தனிப் பிரிவில் சேர்ந்து மாதக்கணக்கில் போய்வர வேண்டும். அந்தப் பிரிவில் சேர்வதற்கே ஒரு வரிசை, அதை முடித்தால் அறுவைக்கு இன்னொரு வரிசை.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். 2025 ஜூனில் மஞ்சாரோ என்ற ஊசியை இங்கே குடும்ப மருத்துவர்கள் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் கட்டத்தில் பிஎம்ஐ 40, நமக்கு 37.5. அதோடு குறிப்பிட்ட ஐந்து நோய்களில் குறைந்தது நாலு இருக்க வேண்டியிருந்தது. எனக்கு மூன்று. சுகர் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது, எல்லைக்கோடு கணக்கில் வராதாம். ஒரு நோய் குறைந்து போனதால் மருந்து கிடைக்காத ஆள் நானாகத்தான் இருப்பேன். காசு கொடுத்து வாங்கலாம் என்றால், அந்த வருடம் செப்டம்பரில் அதிகபட்ச டோஸின் பட்டியல் விலை மாதத்துக்கு 122 பவுண்டிலிருந்து 330 பவுண்டுக்கு எகிறியது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பி வருகிறது என்பதையும் படித்திருந்தேன். மாதாமாதம் வீட்டு வாடகை மாதிரி ஊசிக்குக் கட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

அப்படித்தான் கோயம்புத்தூரில் அறுவை என்று முடிவானது. அம்மா, அக்கா குடும்பம் எல்லாம் அங்கேதான். அவிநாசி ரோட்டில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை, சின்ன ஓட்டை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் ஊருக்கு நல்ல பெயரும் உண்டு.

வீட்டில் சொன்னதும் முதல் எதிர்ப்பு அக்காவிடமிருந்து வந்தது. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்த செய்தி அவள் மனதில் அப்படியே இருந்தது. "நல்லா நடந்துட்டு இருக்கற ஆளு எதுக்குடா கத்தி வெச்சுக்கணும்?" என்றாள். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தாமல் மருத்துவமனைக்கான கேள்விகளாக மாற்றிக்கொண்டேன். அதே கட்டடத்தில் ஐசியூ இருக்கிறதா? ராத்திரி ஏதாவது ஆனால் மயக்க மருந்து மருத்துவர் உள்ளே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? அறுவை செய்பவர் இதையே தொடர்ந்து செய்கிறவரா, எப்போதாவது செய்கிறவரா? தையலில் கசிவு வந்தால் திரும்ப உள்ளே போகும் செலவு யாருடையது? பேசிப் பார்த்த இடங்களில் ஒன்று இதற்கெல்லாம் பதில் சொல்லாமல், "இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணா டிஸ்கவுண்ட் இருக்குங்க சார்" என்றது. அதோடு அந்த இடத்தை விட்டுவிட்டேன். கடைசியில் சேர்ந்த இடத்தில் அறுவை மருத்துவரே வீடியோவில் வந்து, கசிவு எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்வோம் என்று தானாகவே சொன்னார்.

சர்வீஸைப் பற்றிச் சொல்வதென்றால், வேகத்தில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரத்தம், ஸ்கேன், எக்கோ, எண்டோஸ்கோப்பி, நுரையீரல் சோதனை, மனநல ஆலோசகரோடு ஒரு பேச்சு, எல்லாம் ஒரே பகலில் முடிந்தன. இங்கே இதற்கு ஆறு கடிதம், ஆறு தேதி. ஒரு பெண் பணியாளர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகக் கூட்டிப் போனார், வெறும் வயிற்றோடு இருப்பவனை எங்கே முதலில் விட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் அந்த எண்டோஸ்கோப்பிதான் என் திட்டத்தைக் கலைத்தது. லண்டனிலிருந்து பேசியதெல்லாம் ஸ்லீவ் அறுவையைப் பற்றி. அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்குவார்கள். எனக்கு இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி ஏறியிருந்தது (இதை ஹெர்னியா என்பார்கள்), உணவுக்குழாயின் அடியில் அமிலத்தால் புண். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் இன்னும் மோசமாகலாம், பைபாஸ் நல்லது என்றார் மருத்துவர். பைபாஸ் என்றால் மேலே முட்டையளவு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைக் கீழே சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவது. மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அதன் வழியாகப் போகாது. நெஞ்செரிச்சல் அடங்கும். அதற்குப் பதிலாக இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் சரியாக உடம்பில் சேராது, ஆயுசுக்கும் மாத்திரை. கூடவே ஹெச் பைலோரி கிருமியும் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் முடித்தபிறகுதான் அறுவை என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் கல்லீரலைச் சுருக்கும் குறைந்த மாவுச்சத்து உணவும் நடந்தது, அதனால் காலம் முழுசாக வீணாகவில்லை. கல்லீரல் பெரிதாக இருந்தால் கேமரா வழியாக இரைப்பையைப் பார்ப்பதே கஷ்டமாம். ஆனால் ஆபீஸில் சொல்லி வந்த லீவு அங்கேயே பாதி கரைந்தது. சம்பளமில்லா லீவுக்கு மெயில் போட்டேன். லீவை எண்ணிக்கொண்டு இதற்கு வராதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பரிசோதனையில் என்ன கிடைக்கும் என்று பரிசோதனைக்கு முன் யாருக்கும் தெரியாது. திரும்பும் டிக்கெட் தேதி பக்கத்தில் இருந்தால் மனசு எந்த மருத்துவர் "பரவாயில்லை, செய்துவிடலாம்" என்கிறாரோ அவர் பக்கம் சாயும்.

பில் விஷயத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அது எந்த அறைக்கு என்று கேளுங்கள். அறை வகை மாறினால் வாடகையோடு மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே ஏறும். ஸ்டேப்லர் கார்ட்ரிட்ஜ் பேக்கேஜில் அடக்கமா, எத்தனை என்பதையும் கேளுங்கள். வயிற்றை வெட்டித் தைக்கும் அந்தச் சாமான்தான் பில்லில் பெரிய செலவு. எனக்கு ஸ்லீவ் பைபாஸாக மாறியதில் கணிசமாக ஏறியது, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று காலையில் "நீங்க போலாங்க" என்ற பிறகு பில் செட்டில் ஆகி வெளியே வர சாயங்காலம் ஆனது. இதில் எந்த மருத்துவமனையும் விதிவிலக்கில்லை போலிருக்கிறது. துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் படுக்கவும் முடியாது. கீழே ஃபார்மசிக்கு ஓடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் மச்சான் பார்த்துக்கொண்டார். ஊரில் ஆளில்லாதவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே நிரப்பிய வாயுவால் தோள்பட்டையில் ஒரு வலி, வயிற்றை விட அதுதான் படுத்தியது. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமலிருக்க ஊசி, இறுக்கமான காலுறை, மூன்று பந்துகளை மூச்சால் தூக்கும் பொம்மை. அவ்வளவுதான்.

சாப்பாடுதான் கதை. அச்சடித்த டயட் ஷீட் ஒன்று கொடுத்தார்கள். புரோக்கோலி சூப், ஓட்ஸ், லோ ஃபேட் கிரீக் யோகர்ட். அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். அப்போது வந்த இளம் டயட்டீஷியன் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மா, வீட்ல என்னென்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து, ஷீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். முதலில் இளநீர், வடிகட்டின மோர், தெளிந்த ரசம், பருப்புத் தண்ணி. அப்புறம் புரோட்டீன் பவுடர் கலந்த பால், நீர்க்கத் தயிர். இரண்டு வாரம் கழித்து மசித்த பருப்பு, வெள்ளைக்கரு, பன்னீர். அரிசியும் இட்லியும் பட்டியலில் வெகு கீழே. "கொள்ளு ரசம் வெக்கலாங்களா?" என்று அம்மா கேட்டார். "தாராளமா. ஆனா காரம் வேண்டாங்கம்மா." அம்மாவுக்கு அதில் தனி சந்தோஷம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று அவர் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த சர்வீஸ் அந்த அரை மணி நேரம்தான், அதற்குப் பில்லில் தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை.

பசி இல்லாமல் சாப்பிடுவது விசித்திரமான வேலை. கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும், மடக்மடக்கென்று இல்லாமல் வாய் வாயாக. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. சின்ன வயதிலிருந்து சோற்றோடு சொம்பையும் வைத்துப் பழகியவனுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் என்பது காகிதத்தில் சுலபம். ஒரு முட்டையில் ஆறு கிராம் சொச்சம்தான், அந்த ஒரு முட்டையே பாதிக்கு மேல் இறங்காது.

கருப்பட்டி விஷயமும் உண்டு. கூழ் கட்டம் வந்ததும் அம்மா ராகிக் கூழ் செய்தார். மகன் இளைத்துவிட்டானே என்று ஒரு கை கருப்பட்டி கூடவே விழுந்திருக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, தலை சுற்றி, கட்டிலில் சாய்ந்துவிட்டேன். இதை டம்பிங் என்பார்கள். இனிப்பு அந்தச் சின்னப் பையில் தங்காமல் நேரே குடலில் போய் விழுவதால் வருவது. அம்மா பயந்து போனார், மருத்துவமனை வாட்ஸப்பில் கேட்டோம், "படுத்து ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்று உடனே பதில் வந்தது. சரியாகிவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் எனக்கு யாரும் இனிப்பு நீட்டவில்லை.

ஆனால் இனிப்பை விட எனக்குப் பயம் முறுக்கும் மிக்சரும்தான். திட உணவு ஆரம்பித்த பிறகு கண்டுகொண்டது இது. சிக்கன் இரண்டு துண்டு சேர்ந்தாற்போல் விழுங்கினால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும், எச்சிலாக ஊறி வெளியே வந்துவிடும். முறுக்கு? கடித்தால் கரைகிறது, எதுவும் அடைக்காது, டிவி பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலம் போய்விடும். அறுவை செய்தும் சில வருடங்களில் எடை ஏறியவர்கள் பலருடைய கதையில் இந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் தீனிதான் இருக்கிறது என்று டயட்டீஷியனும் சொன்னார். வயிற்றைச் சின்னதாக்கலாம், அதை ஏமாற்றுகிற வழி நம் பலகாரத் தட்டிலேயே இருக்கிறது.

அக்கா மகளின் வளைகாப்புக்குப் போனேன். இலையில் உட்காரவில்லை, தட்டில் கொஞ்சம் பருப்பும் கூட்டும் வாங்கி ஓரமாக நின்றேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "என்ன சாமி, சுகர் வந்துருச்சா? மூஞ்சியே காணோம்" என்றார். அறுவை என்று சொன்னால் ஒரு மணி நேரம் விளக்க வேண்டும், டயட் என்றால் பாயசத்தை நீட்டுவார்கள். "டாக்டர் சொல்லியிருக்காருங்க பெரியம்மா" என்பது மட்டும்தான் வேலை செய்தது. டாக்டர் பெயரைச் சொன்னால் நம் ஊரில் எந்தக் கரண்டியும் நின்றுவிடும்.

கிளம்பும் முன் மருத்துவமனையோடு ஒரு சின்ன இழுபறி. டிஸ்சார்ஜ் சம்மரியில் பைபாஸ் செய்யப்பட்டது என்று ஒரே வரி. என்ன வகை, குடலை எவ்வளவு நீளத்தில் மாற்றி இணைத்தார்கள், ஹெர்னியாவைத் தைத்தார்களா, எதுவுமில்லை. ஆபரேஷன் நோட்ஸ் கேட்டால் "அதெல்லாம் தர்றதில்லைங்க சார்" என்றார்கள் ரெக்கார்டு பிரிவில். மருத்துவரிடமே போய்ச் சொன்னதும் அன்றே பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். நாளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்று வலியோடு லண்டனில் எமர்ஜென்சிக்குப் போனால், உள்ளே எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அந்த மருத்துவருக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி. பறப்பதற்கு என் மருத்துவர் நான்கு வாரம் கேட்டார். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் இப்படித் திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு உதவாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இங்கே திரும்பியதும் ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் போனேன். அவசரம் என்றால் என்ஹெச்எஸ் பார்க்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே அறுவை செய்துகொண்டவர்களை இரண்டு வருடம் அந்த மருத்துவமனையே தொடர்ந்து பார்ப்பது போல, வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தவனை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை. என் ஜிபி நல்ல மனுஷி. கோவை நோட்ஸைப் படித்துவிட்டு முதல் வருடம் 3, 6, 12-ஆம் மாத ரத்தப் பரிசோதனைகளுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி12 ஊசிக்கும் ஒத்துக்கொண்டார். புரூஃபன் வகை வலி மாத்திரை இனிமேல் கூடவே கூடாது, இணைப்பில் புண் வரும் என்று கணினியில் சிவப்பு எழுத்தில் குறித்தார். இதை ஊரில் மெடிக்கல் ஷாப்பில் யாரும் கேட்க மாட்டார்கள், உடம்பு வலி என்றால் கலர் கலராக நாலு மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள். நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

டயட்டீஷியன் இன்னும் வீடியோவில் வருகிறார், நம் ஊர் நேரத்துக்கு, அதாவது எனக்கு ஆபீஸ் கிளம்பும் காலையில். பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது. தலைமுடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரும்பு போட்டதும் காபி குடிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் காலைக் காபியை எங்கே நுழைப்பது என்று அடுத்த வீடியோ காலில் கேட்க வேண்டும்.