டரன்டுலா முட்டைக்கு அடை வைத்த அனுபவம்: ஒரு தாய், மூன்று பைகள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே 2022 ஜூன் மாதம் முழுக்க ஒரு மீன் பெட்டி இருந்தது. லண்டன் ஹாரோவில் தமிழ் மீன்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிய வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. உள்ளே நானூற்றுச் சொச்சம் சிலந்திக் குஞ்சுகள், கால் முளைத்தும் நடக்கத் தெரியாத பருவத்தில். "என்னப்பா, உந்தப் பெட்டி எப்ப கீழ இறங்கும்?" என்று மனைவி காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கேட்பார். அதற்கு முன் இரண்டு தடவை எல்லாவற்றையும் பறிகொடுத்திருந்ததால் தேதி சொல்லப் பயமாக இருந்தது.

அந்தப் பெட்டியையும் அதற்காக வாங்கிக் கழித்த சாமான்களையும் பற்றி இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. இன்குபேட்டர் என்ற பெயரில் நான் செலவழித்த காசில் பாதி வீண். முதல் இரண்டு முட்டைப் பைகளையும் கெடுத்தது என் கைதான்.

என்னிடம் இருப்பது சுருள்முடி டரன்டுலா, மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி. ஹொண்டுராஸ், நிகரகுவா, கொஸ்டா ரிகா பக்கத்துக் காட்டுத் தரையில் வளை தோண்டி வாழும் இனம். 2012இல் கடுகளவு குஞ்சாக வாங்கியபோது பெட்டியில் பிராக்கிபெல்மா அல்போபிலோசம் என்று எழுதியிருந்தேன். 2020இல் இந்தக் கூட்டத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது பெயர் டிலில்டோகாட்ல் அல்போபிலோசஸ். லேபிளை மாற்றினேன், வாய் இன்னும் பழக்கப்படவில்லை. சாதுவான இனம், கடிக்க வருவது அபூர்வம். கோபம் வந்தால் பின்காலால் வயிற்று மயிரை உதைத்துப் பறக்கவிடும். அது தோலில் பட்டால் இரண்டு நாள் அரிப்பு, கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி. பெட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். நான் மணிக்கட்டை மறைக்காமல் விட்டுப் பாடம் படித்தவன்.

பிரிட்டனில் இதை வளர்க்க 1976ஆம் ஆண்டு ஆபத்தான வனவிலங்குச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். "புலிமுகச் சிலந்திய வீட்டுக்குள்ள வச்சு வளர்க்கிறியோ தம்பி?" என்று தொலைபேசியில் இப்போதும் கேட்பார். ஊரில் அந்தப் பெயரால் சொல்வது மரத்தில் வாழும் பொயிசிலோதீரியா இனங்களை. இலங்கையின் வடக்கே மாங்குளம் பக்கத்தில் கிடைத்த ஒன்றுக்கு 2012இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அவை மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசை இழுக்கும். அவற்றை இனப்பெருக்கம் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, ஆண். பெண் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஆண் கடைசித் தோலை உரித்தபின் அதிகம் போனால் ஓரிரு வருடம். அதனால் ஆணை யாரும் வாங்கி வைத்திருப்பதில்லை, இரவல் வாங்குவார்கள். குஞ்சு வந்தால் பாதி ஆண்காரருக்கு. மூன்று தடவையும் நான் ஒரே நண்பரிடம்தான் வாங்கினேன், முதல் ஆண் செத்தபின் அதன் தம்பியை. முதிர்ந்த ஆணின் முன்னங்கால்களில் சின்னக் கொக்கிகள் இருக்கும், வாய்க்குப் பக்கத்துச் சிறுகால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போல் உருண்டிருக்கும். அது ஓரிரவு சிறு வலை பின்னி, அதில் விந்தை விட்டு, அந்த உருண்டைகளில் ஏற்றிக்கொள்ளும். அந்த வலையைப் பார்க்காமல் பெண்ணிடம் விடுவது வெறும் வேடிக்கை.

பெண் பக்கம் கவனிக்க ஒன்றே ஒன்று. தோல் உரித்தால் உள்ளே சேமித்த விந்தும் பழைய தோலோடு போய்விடும். ஆகவே உரித்து, பற்கள் கறுத்து இறுகி, நன்றாகத் தின்னத் தொடங்கியபின் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் உரிக்கப் போகிற பெண்ணோடு சேர்த்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

சேர்க்கும் இரவு எனக்கு இன்னும் கை நடுங்கும். ஆண் தரையில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் நின்று, சிறுகால்களால் தட்டத் தொடங்கும். பிளாஸ்டிக் பெட்டியில் அது விரல்நகத்தால் மேசையைத் தட்டுவது போலக் கேட்கும். பெண் சும்மா இருந்தால் நம்பிக்கை இல்லை. பதிலுக்கு அதுவும் தட்டினால் நல்ல சகுனம். பிறகு ஆண் நெருங்கி, கொக்கிகளால் பெண்ணின் நச்சுப்பற்களைத் தாங்கிப் பிடித்து, அதன் முன்னுடலை மேலே தள்ளும். கீழே நீட்டி இரண்டு உருண்டைகளையும் மாற்றி மாற்றி வைக்கும். ஒன்றரை நிமிடம். அப்புறம் ஓட்டம். நான் நீளமான பெயின்ட் பிரஷை இடையில் விடத் தயாராகப் பிடித்திருப்பேன், ஆண் என்னுடையது இல்லையே.

முதல் பை 2020 மார்ச்சில் வந்தது. மூலையில் குழி தோண்டி, பாய் போலப் பட்டு விரித்து, முட்டையிட்டு, அதைச் சுருட்டிப் பந்தாக்கிப் பற்களில் தூக்கிக்கொண்டது. அடைக்கோழிக்கு உள்ள அதே முகம், சத்தியமாக. கொரோனா முடக்கம் தொடங்கிய மாதம், எனக்கும் வேறு வேலை இல்லை. தினமும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, வீடியோவில் எல்லாருக்கும் காட்டினேன். பதினோராம் நாள் பந்தைக் காணவில்லை, தாயின் வயிறு மட்டும் பெருத்திருந்தது. கருக்கட்டாத முட்டையென்றாலும் தின்னும், தொந்தரவு செய்தாலும் தின்னும். எது என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு முகமில்லை.

அடுத்தது 2021 பிப்ரவரி. இந்தத் தடவை தின்னவிடக் கூடாது என்று இருபதாம் நாளே பையைப் பிடுங்கினேன். தப்பு இங்கே தொடங்கியது. உள்ளே எல்லாம் இன்னும் வெறும் முட்டை. முட்டையாக இருக்கும்வரை தாய் ஒரு நாளைக்குப் பல தடவை பந்தை உருட்டும். உருட்டாவிட்டால் தன் பாரத்தாலேயே தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் வேலைக்குப் போகிறவன், காலையும் மாலையும்தான் உருட்டினேன். போதாததற்கு ஈரத் திசுத்தாளின் மேலேயே முட்டைகளைப் பரப்பியிருந்தேன். ஐந்தாம் நாள் ஓரத்தில் நரைமயிர் போல் பூஞ்சை. கெட்டதைப் பொறுக்கப் பொறுக்கப் பக்கத்தில் படர்ந்தது. இரண்டாம் வாரம் மூடியைத் திறந்தபோது வந்த வாடை, கூழ்முட்டை உடைத்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதற்கு முன் ஒரு வருடம் பொறுத்தேன். அந்த இடைவெளியில் செய்த பெட்டிதான் இன்றும் பாவனையில் இருக்கிறது. ரெஜிபோம் பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் சூடேற்றும் சிறிய ஹீட் மேட், அதோடு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். மூலைகளில் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்கள், சூடு ஏறி இறங்காமல் இருக்க. நடுவில் மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டிய ஏணை. டப்பாவின் அடியில் ஈரத் திசுத்தாள், ஏணைக்கும் அதற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. முட்டை ஈரத்தைத் தொடக்கூடாது, ஈரக்காற்று மட்டும் மேலே வர வேண்டும். மூடியில் நாலு துளை, அதன் மேலும் ஸ்டாக்கிங் துண்டு. முட்டை வாடைக்கு வரும் பொடி ஈக்கள் உள்ளே போய் முட்டையிட்டால் மொத்தமும் புழு.

இதை முட்டை இல்லாமல் ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். நான் விட்டதால்தான் தப்பினேன். நாலாம் நாள் தெர்மோஸ்டாட்டின் சென்சர் வயர் நழுவி வெளியே தொங்கியிருக்கிறது. அது அறைக் குளிரை அளந்து மேட்டை ஓயாமல் எரியவிட, காலையில் உள்ளே 34 பாகை. அன்றே சென்சரை டேப் போட்டு ஒட்டினேன். நான் வைத்திருப்பது 26 பாகை. 25க்கும் 28க்கும் இடையில் எங்கே இருந்தாலும் கவலையில்லை, குறைந்தால் மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஈரமானிக்கு நல்ல காசு கொடுத்தேன், தேவையே இருக்கவில்லை. டப்பாச் சுவரில் நீர்த்துளி தெரிந்தால் ஈரம் கூட, மூடியைக் கொஞ்சம் திறந்துவிடு. திசுத்தாள் காய்ந்தால் ஓரத்தில் ஒரு கரண்டித் தண்ணீர். என் ஈரமானி இப்போது சமையலறையில் சும்மா கிடக்கிறது.

2022 மே தொடக்கத்தில் மூன்றாம் பை. மூடியை நான் தொடவே இல்லை. மேலே கறுப்புத் துணி போட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்கு வெளியிலிருந்தே குழாய் விட்டேன். முப்பதாம் நாள் குளியல் தொட்டியின் துவாரத்தை அடைத்து, சிலந்திப் பெட்டியை அதற்குள் இறக்கினேன். தாய் ஓடினாலும் தொட்டியின் வழுக்குச் சுவரில் ஏறக் கஷ்டப்படும். நீளக் கரண்டியால் பந்தை மெல்ல இழுக்க, அது பல்லை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. பிடுங்கி முடித்ததும் காலி மண்ணைச் சிறுகால்களால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, பெரிய கரப்பான் ஒன்றைப் போட்டுவிட்டு மூடினேன்.

நகம் வெட்டும் கத்தரியால் பையின் ஓரத்தைக் கீறினேன். ஊறிய ஜவ்வரிசி போல் உருண்டு விழுந்தன, ஒவ்வொன்றிலும் எட்டுக் கால் ஒட்டியிருந்தது. முட்டைக்குக் கால் முளைத்த பருவம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். கால்கள் மெல்ல மடங்கி நீளும், நடை கிடையாது. எண்ணினால் 451, அதில் கூழ்முட்டை 27. மஞ்சளாகச் சுருங்கியதையும் பழுப்பானதையும் ஈரமான மெல்லிய பிரஷால் ஒற்றி எடுத்துவிடலாம். இந்தப் பருவத்துக்கு வந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். ஒரு நாளைக்கு ஒரு தரம் ஏணையை லேசாகச் சாய்த்து உருட்டினால் போதும், ஒட்டாது.

மூன்றாவது வாரம் முதல் தோல் உரிந்தது. பிறகு மயிர் முளைத்து, வயிற்றில் கறுப்புப் பொட்டு வந்து, நடக்கத் தொடங்கின. ஆகஸ்ட் நடுவில், பையிட்டு நூறு நாள் அளவில், அடுத்த தோலும் உரிந்து பசியோடு நின்றன. 412 மிஞ்சியது. பசி வந்தபின் ஒன்றையொன்று தின்னும், பிரித்தே ஆக வேண்டும்.

அடை வைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதற்குப் பிறகு வருவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 412 குப்பி. 412 மூடியில் ஊசியால் துளை. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை ஈரத் தேங்காய்நார்த் தூள். பறக்காத பழ ஈக்களை வளர்க்கும் போத்தல்கள் அடுக்களையில் புளித்து நாறின, அதில் ஒரு போத்தலின் மூடி கழன்று ஈக்கள் மாம்பழக் கூடையில் குடியேறின. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் தீனிக்கே போகும். கிரிக்கெட் பூச்சியின் காலைத் துண்டாக்கிப் போட்டாலும் தின்னும், ஆனால் மறுநாள் மிச்சத்தை எடுக்காவிட்டால் பூஞ்சை. நண்பர் வந்து 206 குஞ்சுகளைக் கொண்டுபோன நாள்தான் வீட்டில் பண்டிகை. என் பங்கில் நூறை ஒரு கடை எடுத்துக்கொண்டு பணத்துக்குப் பதிலாகக் கிரிக்கெட் பூச்சி தந்தது. இந்த இனம் எங்கும் மலிவாகக் கிடைப்பதால் மற்றவற்றைச் சும்மாதான் கொடுத்தேன். மின்சாரம், குப்பி, தீனி எல்லாம் கூட்டினால் நட்டம்தான். காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எத்தனை குப்பி கழுவியிருக்கிறார் என்று கேளுங்கள்.

பத்துக் குஞ்சுகளை வைத்துக்கொண்டேன். தாய் அதன்பின் இரண்டு தரம் தோல் உரித்துவிட்டது, ஆண் தேடவில்லை. போன மாதம் பத்தில் ஒன்று நீண்டு மெலிந்த கால்களோடு தோலிலிருந்து வெளியே வந்தது, முன்னங்காலில் கொக்கி. தாயோடு சேர்க்க மாட்டேன், சகோதரிகளோடும் இல்லை. பர்மிங்காமில் ஒருவரிடம் வேறு வம்சத்துப் பெண் சிலந்தி இருக்கிறதாம், ஆணை இரவல் கேட்டிருக்கிறார். வழக்கம்போல வரும் குஞ்சில் பாதி தருவாராம். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். மனைவி சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"பாதி எண்டா எத்தனையப்பா?"